வளர்ச்சி மந்தமான காலத்தில் வரியைக் குறைப்பதா, கூட்டுவதா?

கேள்வி – எழுதியவர்: நிதிநிலை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாட்டின் பொருளாதாரம் பல ஆண்டுகளாக ஒன்று அல்லது ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வளராமல் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி வருவாய் நிதிநிலை அறிக்கையில் எழுதியபடி வந்து சேர்வதில்லை. ஓய்வூதியம், மருத்துவம், பழைய கடனுக்கான வட்டி ஆகிய செலவுகளோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகின்றன. இந்நிலையில் நிதியமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் படித்தால் நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. வரியைக் குறைத்தால் மக்கள் செலவழிப்பார்கள், நிறுவனங்கள் முதலீடு செய்யும், அதனால் வரும் வளர்ச்சியே இழந்த வருவாயை மீட்டுத் தரும் என்கிறது ஒரு தரப்பு. பற்றாக்குறை பெருகினால் கடன் கொடுப்பவர்களின் நம்பிக்கை குலைந்து வட்டி ஏறும், ஆகவே வரியைக் கூட்டியேனும் கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது மற்றொரு தரப்பு.

இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்ற நாடுகளை மட்டும் எடுத்துக்காட்டுவதால் எதை நம்புவது என்று தெரியவில்லை. வரிக்குறைப்பு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது என்பது எங்காவது நடந்திருக்கிறதா? மொத்த வரியின் அளவை மாற்றாமல், அதன் அமைப்பை மட்டும் மாற்றி வளர்ச்சிக்கு உதவ முடியுமா? கட்சி அரசியலுக்குள் போகாமல், நடந்தவற்றை வைத்து விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – எழுதியவர்: பொருளியல் கற்பிப்பவர்

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: அந்த நாட்டின் தேக்கம் எந்த வகையைச் சேர்ந்தது? ஆலைகள் இருக்கின்றன, வேலை செய்யத் தயாரான ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வாங்குவார் இல்லை என்றால் அது தேவைக் குறைவால் வந்த தேக்கம். வேலையின்மை அதிகமாக இருக்கும், விலைவாசி ஏறாது, வட்டி விகிதம் தாழ்ந்தே கிடக்கும். வேலையின்மை குறைவாக இருந்தும் உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை சுருங்குவதாலோ, உற்பத்தித் திறன் உயராததாலோ வளர்ச்சி நின்றுபோயிருந்தால் அது வேறு வகைத் தேக்கம். முதல் வகையில் வரியைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். இரண்டாம் வகையில் வரியைக் குறைத்து மக்கள் கையில் பணம் கொடுத்தால் உற்பத்தி கூடாது. விலைவாசியும் இறக்குமதியும்தான் கூடும். நிதிநிலை விவாதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பிரிக்காமலே நடப்பது எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது.

ஜப்பான் இதற்குத் தக்க சான்று. அங்கு நுகர்வு வரி 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் 3 விழுக்காடாக அறிமுகமானது. 1997 ஏப்ரலில் அது 5 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது, தற்காலிக வருமான வரிச் சலுகையும் சேர்ந்தே முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் காப்பீட்டில் மருத்துவம் பெறுவோர் தம் கையிலிருந்து கட்டும் பங்கும் உயர்ந்தது. சொத்து விலை வீழ்ச்சியிலிருந்து முழுமையாக மீளாத பொருளாதாரத்தின் மீது மூன்று சுமைகள் ஓராண்டுக்குள் ஏறின. 1998இல் பொருளாதாரம் சுருங்கியது. மீண்டும் வரிச்சலுகை கொடுத்தும், அந்த ஆண்டு மேலவைத் தேர்தலில் தோற்று, பிரதமர் ஹஷிமோட்டோ பதவி விலகினார்.

அடுத்து, வரிக்குறைப்பு தன் செலவைத் தானே ஈட்டுமா என்ற கேள்வி. பெரிய பொருளாதாரங்களில் வழக்கமான வரி விகிதங்களுக்குள் அப்படி நடந்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. அமெரிக்காவில் 1981இல் உச்ச வருமான வரி விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. பற்றாக்குறை வேகமாகப் பெருகியதால் மறு ஆண்டே அதே ரீகன் அரசு வருவாயைக் கூட்டும் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவன வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21ஆக இறக்கியது. அந்த வரியின் வசூல் 2017 நிதியாண்டில் ஏறத்தாழ 29,700 கோடி டாலராக இருந்தது, 2018 நிதியாண்டில் ஏறத்தாழ 20,500 கோடி டாலராகச் சரிந்தது. கான்சாஸ் மாநிலம் 2012இல் வருமான வரியைக் குறைத்து, நிறுவன வரிக்கு உட்படாமல் நேரே உரிமையாளரின் சொந்த வருமானமாகக் கணக்கிடப்படும் தொழில் இலாபத்துக்கு முழு விலக்கும் அளித்தது. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 2017இல் ஆளுநரின் மறுப்பாணையை மீறிச் சட்டமன்றமே அதன் பெரும் பகுதியைத் திரும்பப் பெற்றது. இதனால் வரிக்குறைப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு செலவு உண்டு, அந்தச் செலவை யார் ஏற்பது என்று அறிவிக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அமைப்பை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், உண்மையான வரிச் சீர்திருத்தம் என்று நான் கருதுவதும் அதைத்தான். அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் உச்ச விகிதத்தை 50இலிருந்து 28ஆகவும், நிறுவன விகிதத்தை 46இலிருந்து 34ஆகவும் குறைத்தது. அதற்கு ஈடாக விலக்குகளையும் வரி தப்பும் வழிகளையும் அடைத்து, மொத்த வருவாய் மாறாமல் பார்த்துக்கொண்டது. நியூசிலாந்து 1986இல் 10 விழுக்காட்டில் கொண்டுவந்த பொருள் மற்றும் சேவை வரிக்கு விலக்குகள் மிகக் குறைவு. உணவுக்குக்கூட விலக்கு இல்லை. ஏழைகளுக்கான உதவி தனியாக, நேரடிப் பணமாகத் தரப்பட்டது. 2010இல் அந்த வரியை 15 விழுக்காடாக உயர்த்தியபோது அதே நாளில் வருமான வரி விகிதங்கள் குறைக்கப்பட்டன. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வும், வளர்ச்சிக்கு மிகுந்த தடை நிறுவன வருமான வரி, அடுத்து தனிநபர் வருமான வரி, பிறகு நுகர்வு வரி, மிகக் குறைந்த தடை அசையாச் சொத்தின் மீதான ஆண்டு வரி என்றே வரிசைப்படுத்தியது. நிலம் வரிக்கு அஞ்சி வேறு நாட்டுக்கு ஓடிவிட முடியாது என்பதே அந்தக் கடைசி இடத்துக்குக் காரணம். ஆனால் வாக்காளர்கள் மிகவும் வெறுப்பதும் அந்த வரியைத்தான். ஆகவே அது எங்கும் தன் தகுதிக்குரிய இடத்தைப் பெறவில்லை.

பதில் 2 – எழுதியவர்: பழைய தணிக்கையாளர்

மேலே எழுதிய ஆசிரியரின் கருத்துகளை ஏற்கிறேன். ஆயினும் விகிதங்களைப் பற்றியே பேசும்போது விட்டுப்போகும் சிலவற்றை, அரசுக் கணக்குகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வளர்ச்சி குறையும்போது முதலில் பொய்ப்பது வருவாய் மதிப்பீடு. அடுத்த ஆண்டு வளர்ச்சி மீண்டுவிடும் என்று எழுதி, அதற்கேற்ப வரி வரும் என்று கணக்கிட்டு, அந்தக் கற்பனை வருவாயின் மீது உண்மையான செலவுகளை ஒப்புக்கொள்வார்கள். நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் பணம் வரவில்லை என்று தெரிந்ததும் எதை வெட்டுவார்கள்? சம்பளத்தை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை வெட்ட முடியாது, வட்டியைத் தொடவே முடியாது. எஞ்சுவது பாலம், பாசனம், பள்ளிக் கட்டடம், பராமரிப்பு. மூலதனச் செலவுதான் எப்போதும் முதல் பலி. அதை வெட்டினால் இன்று எவரும் தெருவுக்கு வந்து போராட மாட்டார்கள். அதன் விளைவு பத்தாண்டு கழித்து, குறைந்த உற்பத்தித் திறனாக வெளிப்படும். அப்போது மந்தமான வளர்ச்சிக்குக் காரணம் தேடி மறுபடியும் வரி விகிதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, வரிவிலக்குகள். ஒரு துறைக்கு மானியம் கொடுத்தால் அது நிதிநிலை அறிக்கையில் செலவாக எழுதப்படும், அவையில் விவாதிக்கப்படும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதே தொகையை வரிவிலக்காகக் கொடுத்தால் அது எந்தத் தலைப்பிலும் செலவாகத் தோன்றாது. யாரும் திரும்பப் பார்க்காததால் காலவரையின்றித் தொடரும். பல நாடுகள் இத்தகைய விட்டுக்கொடுத்த வருவாயைத் தனி அறிக்கையாக வெளியிடுகின்றன என்பது நல்லதுதான். ஆனால் வெளியிடுவது வேறு, ஒவ்வொரு விலக்குக்கும் முடிவுத் தேதி குறித்து அந்தத் தேதியில் அதன் பயனை அளந்து பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும் அரசுகள் மிகச் சில. விகிதத்தை ஒரு புள்ளிகூட உயர்த்தாமல் வருவாயைக் கூட்டும் வழி இங்கே திறந்தே கிடக்கிறது.

வரித்துறை திருப்பித் தர வேண்டிய தொகையைத் தாமதிப்பதையும் சொல்லியாக வேண்டும். மதிப்புக் கூட்டு வரியில், ஏற்றுமதியாளர் தாம் வாங்கிய மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற உரிமை உள்ளவர். பணத் தட்டுப்பாடு உள்ள அரசு அந்தத் தொகையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், ஆண்டு இறுதியில் வசூல் உயர்ந்ததாகக் கணக்கு காட்டும். உண்மையில் நடந்தது என்னவென்றால், சிறு நிறுவனங்களிடமிருந்து வட்டியில்லாமல் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்த நிறுவனங்கள் தம் அன்றாட நடைமுறை மூலதனத்துக்கு வங்கியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். இது எந்தச் சட்டமன்றமும் ஒப்புதல் தராத ஒரு வரி.

விலைவாசி ஏறும்போது வருமான வரி வரம்புகளை அப்படியே விட்டுவிடுவதும் இதே வகைதான். பிரிட்டனில் வரியில்லா வருமான வரம்பு 2021 ஏப்ரல் முதல் 12,570 பவுண்டிலேயே நிற்கிறது. ஊதியம் பெயரளவில் உயர உயர, மேலும் மேலும் மக்கள் வரிக்குள்ளும், உயர்ந்த விகிதத்துக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறார்கள். வரியைக் கூட்ட வேண்டியது அவசியமானால் கூட்டலாம்; அதை அவையில் சொல்லிக் கூட்ட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

பதில் 3 – எழுதியவர்: கீழைக்கடல்

ஆசிரியர் ஐயாவின் ஜப்பான் விளக்கத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. 1997இன் வீழ்ச்சியை நுகர்வு வரியின் தலையில் ஏற்றுவது அந்நாட்டு அரசியலிலேயே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி ஜப்பானின் ஏற்றுமதிச் சந்தைகளை முடக்கியது. நவம்பரில் ஹொக்கைடோ டகுஷோகு வங்கியும் யமாய்ச்சி பங்குத் தரகு நிறுவனமும் ஒரே மாதத்தில் வீழ்ந்தன. வங்கிகள் தம் வாராக்கடனை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்ததன் விளைவு அது. வரி உயரவில்லை என்றாலும் அந்த நெருக்கடி வந்தே இருக்கும்.

வரியின் விளைவைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் 2014 ஏப்ரலைப் பாருங்கள். வங்கி நெருக்கடி இல்லாத ஆண்டு அது. வரி 5இலிருந்து 8ஆனது. மார்ச்சு வரை மக்கள் பெரும் பொருள்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்தார்கள். அடுத்த காலாண்டில் வீட்டுச் செலவு செங்குத்தாகச் சரிந்தது. முன்கூட்டி வாங்கியதால் வந்த சரிவு தானாகச் சீராகியிருக்க வேண்டும். ஆனால் ஊதியம் விலைக்கு ஈடாக உயராததால் நுகர்வு நெடுநாள் சோர்ந்தே இருந்தது. இதைக் கண்ட பிரதமர் ஆபே 10 விழுக்காட்டுக்கான அடுத்த உயர்வை இருமுறை தள்ளிவைத்து 2019 அக்டோபரில்தான் நடைமுறைப்படுத்தினார். அப்போது உணவுக்கு 8 விழுக்காடே தொடர்ந்தது. கூடுதல் வருவாயின் ஒரு பகுதி மழலையர் கல்வியை இலவசமாக்கச் செலவிடப்பட்டது. ஆக, உங்கள் முடிவு சரிதான், நீங்கள் காட்டிய சான்றுதான் வலுவற்றது. தேவை சோர்ந்திருக்கும்போது வரி உயர்த்தினால் வலிக்கும் என்பதை 2014 தெளிவாகவே காட்டுகிறது.

ஜப்பானில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இத்தனை எதிர்ப்புக்கும் இடையில் கொண்டுவரப்பட்ட அந்த நுகர்வு வரி, 2020 நிதியாண்டில் வருமான வரியை முந்தி அந்நாட்டு அரசின் மிகப் பெரிய வரி வருவாயாக ஆனது. முதியோர் பெருகும் நாட்டில் உழைப்பவரின் ஊதியத்தை மட்டுமே நம்பி வரி விதித்தால் சுமை முழுவதும் குறைந்து வரும் இளைஞர் தலையில் விழும். நுகர்வின் மீது விதித்தால் சேமிப்பை வைத்து வாழும் முதியோரும் பங்கேற்கிறார்கள். தலைமுறைகளுக்கு இடையே உள்ள இந்த நியாயத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

கேட்டவரின் மறுகேள்வி – நிதிநிலை வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. தேவை சோர்ந்திருக்கும்போது சிக்கனம் கூடாது என்றால், கடன் ஏற்கெனவே மலையாகக் குவிந்திருக்கும் நாடு காத்திருக்க முடியுமா? 2022இல் பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால், கடன் சந்தை எவருக்கும் அவகாசம் தராது என்றல்லவா தோன்றுகிறது?

பதில் 4 – எழுதியவர்: பொருளியல் கற்பிப்பவர்

நல்ல கேள்வி. கீழைக்கடல் நண்பர் சுட்டிய வங்கி நெருக்கடியையும் சேர்த்தே 1997ஐப் படிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். உங்கள் ஐயத்துக்குக் கணக்கு போட்டே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நாட்டின் கடன் அதன் ஓராண்டு உற்பத்திக்குச் சமம், அதாவது 100 விழுக்காடு என்று கொள்வோம். சராசரி வட்டி 4 விழுக்காடு. விலையேற்றத்தையும் சேர்த்த பெயரளவு வளர்ச்சி 3 விழுக்காடு. கடன் விகிதம் ஏறாமல் நிற்க வேண்டுமானால், வட்டியை விட்டுவிட்டுப் பார்க்கும் முதன்மைக் கணக்கில் உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடு உபரி வேண்டும். வளர்ச்சி 1 விழுக்காடாகக் குறைந்தால் தேவையான உபரி 3 விழுக்காடாகிவிடும். மந்தமான வளர்ச்சி நிதிநிலையை நெரிப்பது இந்த வழியில்தான்.

இப்போது அரசு உற்பத்தியில் 1 விழுக்காடு அளவுக்குச் செலவைக் குறைக்கிறது. பொருளாதாரம் சோர்ந்திருப்பதால் அந்த வெட்டு உற்பத்தியை ஒன்றரை விழுக்காடு சுருக்குகிறது என்றும், சுருங்கிய உற்பத்தியில் பத்துக்கு நான்கு என்ற கணக்கில் வரி இழப்பும் கூடுதல் உதவிச் செலவும் அரசின் மீது விழுகின்றன என்றும் கொள்வோம். மிச்சப்படுத்திய 1 விழுக்காட்டில் 0.6 போய்விடுகிறது, எஞ்சுவது 0.4. உற்பத்தி சுருங்கியதால் கடன் விகிதம் ஒன்றரைப் புள்ளி ஏறுகிறது. கழித்துப் பார்த்தால், சிக்கனம் செய்த முதல் ஆண்டில் கடன் விகிதம் 1.1 புள்ளி கூடியிருக்கிறது. பொருளாதாரம் நன்றாக இருந்து, அதே வெட்டு உற்பத்தியை அரை விழுக்காடு மட்டுமே சுருக்கினால், விகிதம் 0.3 புள்ளி குறையும். ஒரே அளவு சிக்கனம் காலத்தைப் பொறுத்து எதிரெதிரான விளைவைத் தருகிறது. கிரீசில் நடந்தது முதல் வகை. நெருக்கடிக் காலத்தில் அந்நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. கடுமையான வெட்டுகளுக்குப் பின்னும் கடன் விகிதம் ஏறியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் பொருளியலாளர்களான பிளான்சார்டும் லீயும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டுகள் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதை நெருக்கடியின் தொடக்க ஆண்டுகளில் முன்கணிப்பாளர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள் என்று காட்டினார்கள்.

பிரிட்டனுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 23ஆம் நாள் நிதியமைச்சர் குவார்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிக்குறைப்புகளை அறிவித்தார். அப்போது அங்கே விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, வேலையின்மை மிகக் குறைவு. தேவைக் குறைவு என்ற நோயே இல்லாத நேரம். அதோடு, அரசின் வரவுசெலவைச் சார்பின்றி மதிப்பிடும் நிதிநிலைப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு எதுவும் இணைக்கப்படவில்லை. கடன் பத்திரங்களின் விலை சரிந்து, ஓய்வூதிய நிதியங்கள் தடுமாறி, 28ஆம் நாள் இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 14இல் அமைச்சர் நீக்கப்பட்டார். 20இல் பிரதமர் டிரஸ் பதவி விலகலை அறிவித்தார். சந்தை பற்றாக்குறையைப் பொறுக்காது என்பது இதன் பாடமென்று நான் நினைக்கவில்லை. 2020இல் பெருந்தொற்றுக்காக இதைவிடப் பன்மடங்கு கடன் வாங்கிய அதே அரசுக்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைத்ததே. எப்படி ஈடுகட்டுவோம் என்று சொல்லாத பற்றாக்குறையை, வட்டி ஏறும் காலத்தில், சந்தை பொறுக்கவில்லை.

கடன் குவிந்த நாடு காத்திருக்க முடியுமா என்பதற்கு ஸ்வீடன் ஒரு விடை தருகிறது. 1991இல் அது வருமான வரி விகிதங்களைப் பெரிதும் குறைத்து, மூலதன வருமானத்துக்குச் சீரான 30 விழுக்காடு விதித்து, மதிப்புக் கூட்டு வரியின் தளத்தை விரித்தது. உடனே வங்கி நெருக்கடி வந்தது. 1991 முதல் 1993 வரை உற்பத்தி தொடர்ந்து சுருங்கியது. 1993இல் பற்றாக்குறை உற்பத்தியில் 10 விழுக்காட்டைத் தாண்டியது. சிக்கனத்தின் பெரும் பகுதி 1994க்குப் பின், பொருளாதாரம் மீளத் தொடங்கியபோதே செயலுக்கு வந்தது. 1992 நவம்பரில் நாணயத்தை மிதக்க விட்டதால், அதாவது அதன் மதிப்பைச் சந்தையே முடிவு செய்ய விட்டதால், நாணயம் மலிந்து ஏற்றுமதி பெருகியது. அந்தத் துணை இல்லாமல் அவ்வளவு வெட்டுகளைத் தாங்கியிருக்க முடியாது. 1997 முதல் மூன்றாண்டுகளுக்கு முன்கூட்டியே செலவு உச்சவரம்பு அவையில் நிர்ணயிக்கப்பட்டது. வரம்பு முதலில், துறைகளின் பங்கீடு பிறகு என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் தணிக்கையாளர் ஐயா சொன்ன கடைசிக் காலாண்டு வெட்டுகளுக்கு அது இடமே வைப்பதில்லை.

பதில் 5 – எழுதியவர்: பழைய தணிக்கையாளர்

ஸ்வீடனைப் பற்றிய கடைசிக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை மட்டும். செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் அரசுகள், அந்த வரம்பை மீறாமல் காட்டுவதற்காகவே செலவை வரிச்சலுகையாக மாற்றிவிடும் சபலத்துக்கு ஆளாகின்றன. ஒரு திட்டத்துக்குப் பணமாகக் கொடுத்தால் வரம்புக்குள் எண்ணப்படும். அதே தொகையை வரிக் கழிவாகக் கொடுத்தால் எண்ணப்படாது. ஆகவே உச்சவரம்புச் சட்டத்தை எழுதும் எந்த நாடும் விட்டுக்கொடுக்கும் வரிக்கும் அதே சட்டத்தில் தனி வரம்பு வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே அறிக்கையில், ஒரே நாளில் அவைக்குக் கொண்டுவர வேண்டும். வருவாய் மதிப்பீட்டைத் தயாரிக்கும் பொறுப்பும், செலவுக்கு ஆசைப்படும் அமைச்சகத்திடம் இல்லாமல், தன் மதிப்பீடு பொய்த்தால் அதற்கான காரணத்தை ஆண்டுதோறும் எழுத்தில் விளக்கக் கடமைப்பட்ட ஒரு தனி அமைப்பிடம் இருக்க வேண்டும்.